மகள் பேசும் இடம்

தொடர்கதை எழுதும் வளர்மதியின் கணினித் திரையில் இருந்த எழுத்து உதவிச் செயலி, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அவளுடைய எழுத்துப் பழக்கம் ஒன்றைச் சுட்டிக்காட்டும். அன்று மாலை அது சொன்னது: "உங்கள் கதைகளில் மகள் மனம்விட்டுப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டுகிறார்கள், இல்லையென்றால் குக்கர் விசில் அடிக்கிறது. அவள் ஒருமுறைகூடப் பேசி முடித்ததில்லை."

வளர்மதிக்குச் சுருக்கென்றது. பழைய அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்தாள். உண்மைதான்.

அந்த நேரம் பார்த்து மகள் இனியா ஆபீஸ் பையுடன் வந்து அறை வாசலில் நின்றாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல முகம் கழுவிட்டு..." என்று ஆரம்பித்த வளர்மதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரையை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. சொல்லு."

"என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்கம்மா. போன மாசமே. தினமும் கிளம்பிப் போய் பூங்காவுல உக்காந்துட்டு வர்றேன்."

ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வளர்மதி கேட்டுக்கொண்டே இருந்தாள். இனியா அழுதாள், கோபப்பட்டாள், கடைசியில் பூங்காவில் தன் டிபனில் பங்கு கேட்கும் நாயைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

"அப்பாடா, சொல்லிட்டேன். பசிக்குதும்மா."

தான் எத்தனை முறை பேச்சைப் பாதியில் நிறுத்தியும் இவள் மறுபடி தன்னிடமே வந்தாளே என்று வளர்மதிக்குக் கண் கலங்கியது. அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தோசைக்கல்லை அடுப்பில் வைக்க எழுந்தாள்.