புல்லில் கருகிய வட்டம்

1974 மார்ச்சில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், நாடோடிகளான ரோமானி இனத்தைச் சேர்ந்த எலையஸ் இறந்தார். அவர் வாழ்ந்த குதிரைவண்டியைக் குல வழக்கப்படி உடைமைகளோடு எரித்தார்கள். மறுவாரம் மகள் ஜெண்டிலா அவ்விடத்தைப் படமெடுத்தாள். குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் தேடி வளர்ந்த கண். எதிரில் இருந்த ஒரு கல்லைக்கூட அவள் தன் படங்களில் மறைத்ததில்லை. பனி, கல்சுவர், ஈரப்புல், நடுவே கருகிய வட்டம். அவளுடைய படத்தை முதன்முதலாக ஒருவர், காலண்டர் அச்சிடுபவர், விலைக்குக் கேட்டார்.

“காலண்டர் அட்டைக்கே போடலாம்மா. அந்தக் கரியை மட்டும் அழிச்சிடுவோம்.”

“கரி இருக்கட்டும் சார்.”

“யாரோ சமைச்சிட்டுப் போன இடத்தையா வருஷம் முழுக்கச் சுவத்துல மாட்டுவாங்க?”

“சமைச்ச இடம் இல்ல. எங்கப்பா வண்டி எரிஞ்ச இடம். அவர் போட்டோ எல்லாம் அதோட போயிடுச்சு.”

“அப்போ அவர் படம்னு ஒண்ணும் இல்லையா?”

“இதான் இருக்கு.”

அடுத்த ஆண்டுக் காலண்டர் அட்டையில் வேறொருவர் எடுத்த ஆட்டுக்குட்டிகள் வந்தன.