மில் வாசல் குரல்

கல்லூரி வானொலியில் செய்தி சொல்லக் கூடாது என்பது உரிமத்தின் விதி. அறிவிப்பாளர் ஜெசிந்தா அதை மீறியதும், பேசியது யார் என்று குறிப்பிடாமல் மொட்டைப் புகார் அனுப்பியவள் சுகந்தி. "உன் குரல் மைக்குல கீச்சுங்குது" என்று ஒதுக்கப்பட்டு, ஒலிபரப்பானதையெல்லாம் பத்திரப்படுத்தும் வேலையில் உட்கார வைக்கப்பட்டவள் அவள். ஜெசிந்தாவின் குரலைத் தினமும் கேட்டுக் கேட்டு வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

விசாரிக்க வந்த அதிகாரிக்கு, ஒலிப்பதிவு அறையில் அந்தப் பதிவை அவளே போட்டுக் காட்டினாள்.

"பஞ்சு மில்லை மூடிட்டாங்க. காலையில ஷிப்டுக்கு வந்தவங்க இன்னும் வாசல்லயே உக்காந்திருக்காங்க."

சந்தேகமே இல்லை, செய்திதான். இனி ஜெசிந்தாவால் மைக் பக்கம் வர முடியாது. ஆனால் பேனாவைத் திறந்த அதிகாரி எழுதவில்லை.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார். சுகந்திக்குக் காது மடல் சுட்டது. அவள் பேசியதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை.

"தப்பு தப்புதான், நடவடிக்கை எடுத்தாகணும். ஆனா என்ன குரல்மா இது. யாரோடது?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜெசிந்தா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பெயரைச் சொல்லத்தான் சுகந்தி வாயைத் திறந்தாள்.

"என்னோடது சார்."

கீச்சென்று வந்தது. அதிகாரி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். பிறகு மைக்கை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்க, அந்த மில்லைப் பத்தி ஒரு தடவை சொல்லு."