நாற்பது பேருக்கு ஒரு விலா

கல்கத்தாவில் பொது சுகாதார மேற்படிப்பு படிக்கும் டாக்டர் எஸ்தர், ஆய்வுக்காகச் சொந்த ஊரான கோலார் தங்க வயலுக்கு வந்திருந்தாள். சுரங்கத்துக்குள் இறங்கும் நாற்பது தொழிலாளிகளின் எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் பாறைத் தூசியைத் தின்ற நுரையீரல்கள், ஊட்டியில் பிறந்து வளர்ந்தவை போலப் பளிச்சென்றிருந்தன!

"இன்னாப்பா அதிசயம்? எல்லாருக்கும் இடது பக்கம் அஞ்சாவது விலா ஒடிஞ்சு கூடியிருக்கு!"

டீ டம்ளரும் கையுமாக இருந்த அப்பா ஆசீர்வாதம் சிரித்ததில் புரையேறி இருமினார். ஆறு வருஷமாகத் தனக்குச் சுரங்கத்துக்கு மேலே மணியடிக்கும் வேலை என்று சொல்லியிருந்தார்.

"மாட்டிகினானுங்களா! தூசி நோய்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களேம்மா. அதான் எல்லார் பேர்லயும் நம்ம பயில்வான் சாலமோன் போய் நின்னுட்டான். மாட்டு வண்டியிலேர்ந்து விழுந்து ஒடச்சிகினானே, அந்த விலா."

"அடப்பாவிங்களா! ஊருக்கே ஒரு நெஞ்சா?"

விழுந்து விழுந்து சிரித்தபடி நாற்பதாவது படத்தை உயர்த்தினாள். அதே விலா. மூலையில் எழுதியிருந்த பெயர், ஆசீர்வாதம்.

"மேல மணியடிக்கிறேன்னு சொன்னியேப்பா..."

"உன் படிப்பு முடியட்டும்னுதாம்மா..."

அவருக்கு மறுபடியும் புரையேறியது. டம்ளரில் டீ, ஒரு வாய்கூடக் குறையாமல் ஆடை கட்டியிருந்தது.