விடை தெரியாத கணக்கு

எட்டாவது கணக்கையும் கோடு போட்டு அடித்தாள்.

எழுதி முடிப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. எண்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது.

கரும்பலகையில் ஒரே ஒரு வரிதான்.

‘உங்களுக்கு விடை தெரியாத கணக்கு ஒன்றை உருவாக்குங்கள்.’

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்பு. மாவட்டம் முழுக்கத் தேர்வு வைத்து முப்பது பேரை எடுத்திருந்தார்கள். இன்று முதல் நாள். தேர்வில் முதலிடம் அவள்தான். ஏழாவது படிக்கிறாள்.

கையைத் தூக்கினாள்.

“இதுக்கு எத்தனை மார்க், மிஸ்?”

“மார்க்கெல்லாம் கிடையாதும்மா,” என்றார் ஜெசிந்தா மிஸ். “சரி, தப்புன்னும் எதுவும் கிடையாது. உனக்கு விடை தெரியக்கூடாது. அது போதும்.”



பக்கத்தில் ரிஸ்வானா சிரித்துக்கொண்டே எழுதினாள். அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

‘எங்கள் தெரு நாய் ஒரு நாளில் எத்தனை முறை காரணமே இல்லாமல் குரைக்கும்?’

இது கணக்கா? இது எப்படி இவளுக்குத் தோன்றியது?

முன்பெஞ்சில் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் தனக்குத் தெரியும். அது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வராந்தா பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மினி பஸ் ஓட்டுகிறவர். மகளுக்காக மூன்று டிரிப்பை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். ஜன்னல் வழியே அவருடைய தோளும் காக்கிச் சட்டைக் காலரும் தெரிந்தன.

சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அந்தக் கணக்கு வந்தது.

‘இரண்டாம் இடம் வந்ததற்கு அப்பா பதினொரு நாள் பேசவில்லை. முப்பதாம் இடம் வந்தால் எத்தனை நாள் பேசமாட்டார்?’

எழுதிவிட்டு விடைக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஓர் இடம் இறங்கினால் பதினொன்று. இருபத்தொன்பது இடம் இறங்கினால் முந்நூற்றுப் பத்தொன்பது. ஆனால் அப்படித்தான் பெருகும் என்று யார் சொன்னது? ஏதோ ஓர் இடத்துக்குக் கீழே போனால் பிறகு பேசவே மாட்டாரோ என்னவோ. நடந்தது ஒரே ஒரு தடவை. போன வருட அரையாண்டுத் தேர்வில். அந்தப் பதினொரு நாளும் அம்மாதான் நடுவில் நின்று, “அப்பா ஒன்னையச் சாப்பிடச் சொல்லுதாங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அதே அறையில்தான் இருந்தார்.

ஒன்றை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது.

மிஸ் கையைத் தட்டினார்.

“முடிச்சவங்க உங்க தாளை நீங்களே அந்த நோட்டீஸ் போர்டுல குண்டூசியால குத்துங்க. நாலு மணிக்கு அப்பா அம்மாவை உள்ள விடுவோம். எல்லாரும் வாசிக்கட்டும்.”

மிஸ் மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தாள்.

எழுந்து போனாள்.

“மிஸ், வேற தாள் வேணும்.”

மிஸ் அவள் கையிலிருந்ததை வாங்கி வாசித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

“எதைக் குத்தணும்னு நீயே பாத்துக்கோ.”

புதுத் தாளில் இரண்டு ரயில்களை எதிரெதிரே விட்டாள். கடைசி வார்த்தையை எழுதும் முன்பே விடை வந்தது. நாற்பத்திரண்டு நிமிடம்.

கதவைத் திறந்தார்கள். வராந்தாவில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது.

போர்டில் ஓர் இடம்தான் மிச்சம். ஒரு கையில் ரயில். மறு கையில் அப்பா.

ரயில் தாளைப் போர்டில் வைத்து அழுத்தினாள். குண்டூசி இறங்கவில்லை. இதற்கு விடை நாற்பத்திரண்டு. மிஸ் கேட்டது விடை தெரியாத கணக்கு. தப்பு என்று தெரிந்துகொண்டே அவள் எதையும் யாரிடமும் கொடுத்ததில்லை.

மற்றதைக் குத்தினாள்.

பின்னால் நகர்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா வரிசையாக வாசித்தபடி வந்தார். நாய்க் கணக்கு வந்ததும் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு. அடுத்த தாளில் மகளுடைய எழுத்தைக் கண்டுகொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போனார்.

வாசித்தார்.

மறுபடியும் வாசித்தார்.

அவர் கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே இன்னொரு பெண்ணின் அப்பா வந்துவிட்டார்.

“சார், கொஞ்சம் தள்ளுங்க. அதையும் பாத்துக்கிடுதேன்.”

அப்பா திரும்பினார். போர்டில் முதுகு படுகிற மாதிரி நின்றுகொண்டார். தாள் முழுவதும் மறைந்துவிட்டது.

“இது எனக்கு எழுதுனது, சார்.”

வந்தவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

அப்பா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கூட்டத்துக்கு மேலாக அவளைத் தேடினார். கண்டுபிடித்தார்.

அவர் வாயைத் திறந்து அவளைக் கூப்பிடுகிறவரை அவள் மூச்சு விடவில்லை.