இரண்டரை வோல்ட்

சர்க்யூட் போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் எதை அளந்தாலும், ரெஃபரன்ஸ் சிப் தரும் இரண்டரை வோல்ட்டோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். தொழிற்சாலையில் அன்று தயாரான ஐம்பது போர்டிலும் மேலாளரின் மீட்டர் இரண்டே முக்கால் காட்டியது.

“ஒரிஜினல் சிப்பை வித்துட்டு டூப்ளிகேட்டை வெச்சிருக்கே. நாளைலேருந்து வராதே” என்றார், சிப்புகளைப் போர்டில் சால்டரிங் செய்யும் பெண்ணிடம்.

“ஐம்பது டூப்ளிகேட்டும் ஒரே மாதிரியா தப்பு பண்ணும், சார்?”

“கூட்டுக் களவாணிங்க ஒரே பொய்யைத்தான் சொல்வாங்க.”

“மீட்டர் மூலைல பேட்டரி படம் மினுக்குதே?”

“அது மூணு மாசமா மினுக்குது. மீட்டர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

அவள் மீட்டரின் தீரப்போகும் பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டாள். மறுபடி அளந்தபோது எல்லா போர்டிலும் இரண்டரைதான்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சரி, போய் வேலையைப் பாரு.”

அவள் நகரவில்லை. “போன மாசம் இதே குத்தம் சொல்லி ஒரு அக்காவை வேலையை விட்டு அனுப்பினீங்களே, அவங்களை யார் சார் திரும்பக் கூப்பிடுறது? நீங்களா, நானா?”