மேஜையிலா, மடியிலா?

"மடியில வச்சுக்கிற கம்ப்யூட்டர் வேணாம் தம்பி. இவர் படுத்துக்கிட்டே பார்ப்பார், அப்படியே தூங்கிடுவார், அது கீழே விழுந்து உடையும்."

கடைக்குள் காலடி வைத்ததுமே அந்த அம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பின்னால் வந்த பெரியவர் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் உள்ளேயே வரலை. அதுக்குள்ள என்னைத் தூங்க வச்சுட்டீங்களே."

விற்பனையாளன் எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டான். இரண்டு நாளாக அவனுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. துணி அலமாரியில் யாருக்கு எந்தத் தட்டு என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், இப்போது அவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இதுதான் முதல் கம்ப்யூட்டரா சார்?"

"முதல்தான். ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"எதுக்கு வேணும்?"

"என் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. போன்ல பேசினா தபால்தலை சைஸுக்குத்தான் முகம் தெரியுது" என்றார் பெரியவர்.

"எனக்குப் பெரிய எழுத்துல பேப்பர் படிக்கணும்" என்றார் அம்மாள்.

மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றை இயக்கிக் காட்டினான் அவன். "இதுல மெமரி எட்டு ஜிபி. மெமரின்னா ஞாபக சக்தி மாதிரி. நிறைய இருந்தா ஒரே நேரத்துல நாலு வேலையைத் தடுமாறாம செய்யும்."

"அப்ப இவர்கிட்ட இருக்கிறதைவிட அதிகமாப் பார்த்துக் குடுங்க. இவர் ஒரு வேலைக்கே தடுமாறுவார்."

"தடுமாறினாலும் செஞ்சு முடிச்சிடுவேனில்ல?"

பெரியவர் மவுஸைக் கையில் தூக்கி, டிவி ரிமோட்டைப் போலத் திரையை நோக்கி நீட்டினார். அம்மாள் அவர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "கீழே வச்சு நகர்த்துங்க. அதைத்தானே தம்பி இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கார்."

"நீங்க கவனிச்சுச் சொல்லித் தருவீங்கன்னு நான் கவனிக்கலை."

இந்த வயதிலும் அவர் அந்த அம்மாளை வாய் நிறைய 'நீங்க' என்று கூப்பிடுவதை விற்பனையாளன் கவனித்தான். தான் கடைசியாக மனைவியிடம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தான். நினைக்கும்படியாக இல்லை.

பெரியவருக்கு இன்னும் லேப்டாப் மேல்தான் கண். ஒன்றைக் கையில் எடுத்துத் திறந்து பார்த்தார். "இதுன்னா பால்கனிக்கு எடுத்துட்டுப் போகலாமே."

"ஜன்னல் ஓரத்து மேஜையில பெருசா ஒண்ணு இருந்தா ரெண்டு நாற்காலி போடலாம்" என்றார் அம்மாள். "பொண்ணு பேசறப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்க்கணுமா?"

பெரியவர் கையிலிருந்த லேப்டாப்பை மெல்ல மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். "பெரிய திரையே குடுங்க தம்பி."

அவனால் அதற்கு மேல் ஆவலை அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். எத்தனை வருஷமா இப்படிச் சண்டை போட்டுட்டிருக்கீங்க?"

"இருபத்தெட்டு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஒருநாள்கூடப் பேசாம இருந்ததில்லையா?"

"பேசாம எப்படிச் சண்டை போடறது?" என்றார் அம்மாள்.

"எவ்வளவு பெரிய சண்டைன்னாலும் சாயங்காலம் அஞ்சு மணியோட சரி" என்றார் பெரியவர். "மறுநாள் காலையில புதுசா ஆரம்பிப்போம்." பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன், வீட்ல பேச்சுவார்த்தை இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு அலமாரிக் கதையைச் சொன்னான்.

"உள்ளே போய் கீபோர்டு எடுக்கற மாதிரி ஒரு போன் பண்ணிட்டு வாங்க. நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்" என்றார் அம்மாள்.

சரக்கு அறையில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நின்று போன் செய்தான்.

"மேல் தட்டை நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்."



"மேல் தட்டு எனக்கு எட்டாதுன்னுதானே அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மனைவி. அவள் குரல் பாதியிலேயே சிரிப்பாக உடைந்தது. அவனும் சிரித்துவிட்டான்.

கீபோர்டு பெட்டியோடு திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான் குடும்பம் நடத்தக் கத்துக்கணும்" என்றபடி அவன் பில்லை நீட்டினான். "இன்னிக்குச் சாயங்காலமே ஆள் வந்து எல்லாத்தையும் மாட்டிக் குடுத்துடுவாங்க."

"இன்னிக்கு வேணாம். வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்புங்க" என்றார் அம்மாள்.

"ஏம்மா, அதுவரைக்கும் வீட்ல ஆள் இருக்காதா?"

"இவர் இருப்பார். நான் இருக்க மாட்டேன்."

"ஊருக்குப் போறீங்களா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே மழை விட்டுவிட்டதா என்று பார்த்தார். அம்மாளின் முகம் மெல்லச் சிவந்தது.

"இருபத்தெட்டு வருஷமும் ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து மேஜை தம்பி, அவ்வளவுதான்" என்றார் அம்மாள். "வியாழக்கிழமை காலையிலதான் எங்களுக்குக் கல்யாணம்."