அவசர எண் பாடம்

சர்ச் ஹாலின் கடைசி நாற்காலியில் கிரெக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். குடைமிளகாய் பறிக்க டோங்கா தீவிலிருந்து வந்த பெண்களுக்கு அவன்தான் முதலாளி. இங்கிலீஷ் வகுப்பில்கூட அவர்களைத் தனியே விடமாட்டான்.

"லூபே, தங்கச்சி வரலையா?" என்றாள் டீச்சர் மார்னி.

அந்தப் பெண்களில் ஒருத்தியான லூபே கிரெக்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வாரம் நிஜக் காய்கறிகளைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்த மார்னி, இன்று பையிலிருந்து ஒரு ஃபோனை எடுத்தாள். "ஆபத்துன்னா இங்கிலீஷ்ல எப்படிப் பேசுறது? அதான் இன்னிக்குப் பாடம்."

"அதுல லைன் இருக்கா?" கிரெக் நிமிர்ந்தான்.

"செத்த ஃபோன், கிரெக். சும்மா நடிக்கத்தான்." அவசர எண்ணை அமுக்கி லூபேயிடம் நீட்டினாள்.

லூபே அதைக் காதில் வைத்துக்கொண்டாள். தெரிந்த நாலு வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னாள். "தங்கச்சி... காய்ச்சல். மூச்சு வரல. ரூம் பூட்டு. சாவி... முதலாளி கையில."

"அடேங்கப்பா, என்னமா நடிக்கிறா!" கிரெக் சிரித்தபடியே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவளுக்குத் தெரியும்படி ஆட்டினான்.

லூபே ஃபோனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அட்ரஸ் சொல்லு, லூபே," என்றாள் மார்னி.

லூபே பக்கத்திலிருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மக்கு! தங்கியிருக்கிற இடம்கூடத் தெரியல. பழைய கால்வாய் ரோடு, மூணாவது கேட், தகர ஷெட்டு!" கிரெக் ஹால் அதிரக் கத்தினான்.

மார்னி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"தேங்க்ஸ் சார்," என்றது ஃபோனில் ஒரு பெண் குரல். "ஆம்புலன்ஸும் போலீசும் கிளம்பியாச்சு. லைன்லயே இருங்க."